ஒரே இழையில் இரண்டு அல்பேர்

ரெட்டியார்பாளையத்தில் ஏலிஸைப் பிரெஞ்சு டியூஷன் மதாம் என்றுதான் எல்லாருக்கும் தெரியும். அவளுக்கு இன்னொரு வேலையும் இருந்தது. அதை வெளியில் சொன்னால் பாதிப் பேருக்கு விளங்காது, விளங்கியவர்கள் சிரிப்பார்கள். ‘புதுவை வட்டம்’ என்ற இணைய மன்றத்துக்கு அவள்தான் காவல்.

புதுச்சேரியிலும் பிரான்ஸிலுமாகச் சிதறிக் கிடந்த குடும்பங்கள் கூடிப் பேசுவதற்கென்று தொடங்கிய மன்றம் அது. எந்தப் பத்திரத்துக்கு யாரிடம் கையெழுத்து வாங்குவது, யார் வீடு வாடகைக்கு வருகிறது, யார் பெண்ணுக்கு வரன் பார்க்கிறார்கள், யார் போய்ச் சேர்ந்தார்கள், எல்லாம் அங்கே வரும். ஒருவர் ஒரு பேச்சைத் தொடங்குவார், மற்றவர்கள் அதன் கீழே எழுதிக்கொண்டே போவார்கள். அப்படி ஒவ்வொரு பேச்சும் ஓர் இழை. வாட்ஸ்அப் வந்ததும் இளசுகள் கழன்றுகொண்டார்கள். பெரியவர்கள் மட்டும் விடாமல் எழுதினார்கள். சண்டை வந்தால் விலக்கிவிடுவது, விளம்பரக்காரர்களைத் துரத்துவது, ஓய்ந்துபோன இழைகளைப் பூட்டுவது, இவை ஏலிஸின் பொறுப்பு. கணவர் போனபின் காலைப் பொழுதைத் தள்ள அது உதவியது.

அந்த வருஷம் மன்றத்தைப் புது சர்வருக்கு மாற்ற வேண்டி வந்தது. முத்தியால்பேட்டையில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்த அன்பழகன்தான் அதைச் செய்து கொடுக்க ஒப்புக்கொண்டான்.

“இவ்ளோ வருஷத்துக் குப்பைய அப்படியே தூக்கிட்டுப் போவ முடியாதுக்கா. ஒரே விஷயத்துக்கு ரெண்டு மூணு டாபிக் இருந்தா ஒண்ணாக்கிடுங்க. பழசையெல்லாம் பூட்டி ஆர்க்கைவுல தள்ளிடுங்க. அப்புறம் யாரும் படிக்கலாம், எழுத முடியாது.”

“குப்பைன்னு சொல்லாத தம்பி. எழுதுன ஆளுங்க பாதிப் பேரு இப்ப இல்ல.”

“அதான் சொல்றேன். இல்லாதவங்க எதுக்கு முன்பக்கத்துல?”

ஏலிஸ் வேலையை ஆரம்பித்தாள். முதலில் ஒவ்வொன்றையும் படித்துப் பார்த்துத்தான் பூட்டினாள். போகப்போகத் தலைப்பைப் பார்த்தாலே போதும் என்று கை பழகிவிட்டது. அப்படி ஒரு காலையில் ‘அல்பேர் அருளானந்தம்: மறைவு’ என்று ஓர் இழையும், ‘அல்பேர் அருளானந்தம்: உயிர்ச்சான்று பற்றி ஒரு சந்தேகம்’ என்று இன்னோர் இழையும் கண்ணில் பட்டன. பிரெஞ்சு ஓய்வூதியம் வாங்குகிறவர்கள் தாம் உயிரோடு இருப்பதாக அவ்வப்போது சான்று அனுப்ப வேண்டும். அதில் யாருக்காவது சந்தேகம் வந்துகொண்டே இருக்கும். பாவம், உயிர்ச்சான்றைப் பற்றிக் கேட்ட மனிதர் போய்விட்டார் போலிருக்கிறது என்று நினைத்தாள். இரண்டையும் ஒன்றாக்கினாள். மறைவு என்ற தலைப்பே மேலே நின்றது. பூட்டினாள், காப்பகத்துக்கு அனுப்பினாள். உள்ளே திறந்து பார்க்கவில்லை. வாசலில் டியூஷன் பிள்ளைகள் மணியடித்துக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த வாரம் ஒரு நாள் வெயில் ஏறியிருந்த நேரம். பாடம் முடிந்து பிள்ளைகள் வெளியே ஓடினார்கள். கேட்டருகே வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் நின்றிருந்தார். அறுபதைத் தாண்டிய வயது, நிமிர்ந்த முதுகு. ஓடிய பிள்ளைகளில் ஒன்றுகூட அவரைச் சுற்றிப் போகவில்லை. அவர்தான் ஒவ்வொரு தரமும் சட்டென்று விலகி வழிவிட்டார்.

“யாருங்க? உள்ள வாங்களேன்” என்றாள் ஏலிஸ்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். “மதாம், நான் உங்க கண்ணுக்குத் தெரியறேனா?”

“என்ன கேள்வி இது? தெரியாம?”

அவர் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. ஏலிஸ் பதறிப்போய் நாற்காலியை இழுத்துப் போட்டுத் தண்ணீர் கொண்டுவந்தாள். ஒரே மூச்சில் குடித்துவிட்டு அவர் சொன்னார்:

“நான் அல்பேர் அருளானந்தம். முத்தியால்பேட்டை. பிரெஞ்சு மிலித்தேர்ல சிப்பாயா இருந்துட்டுத் திரும்பி வந்தவன். நீங்க என்னைப் பூட்டிட்டீங்க.”

 தப்பாக ஒரு மரண அறிவிப்பு போய்விட்டது, அதற்குக் கோபித்துக்கொண்டு வந்திருக்கிறார் என்றுதான் ஏலிஸ் அப்போது நினைத்தாள். மன்னிப்புக் கேட்டாள். அவர் கையை ஆட்டி மறுத்தார்.

“மன்னிப்பு இருக்கட்டும். நடந்ததக் கேளுங்க. மொத நாளு யாரோ வூட்டுக்குப் போன் பண்ணி எம் பொண்டாட்டிகிட்ட துக்கம் விசாரிச்சாங்க. ‘ஐயய்ய, குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்காரு’ன்னு அவ சிரிச்சா. ரெண்டாம் நாளும் போன் வந்துச்சு. சிரிக்கல. மூணாவது வந்தப்ப, ‘ஆமாங்க, போயிட்டாரு’ன்னா. நான் எதிர்லதான் உக்காந்திருக்கேன். பெரிய மார்க்கெட்டுல மீன்காரம்மாகிட்ட வஞ்சிரம் என்ன விலைன்னு கேட்டுக்கிட்டே நிக்கிறேன், எம் பின்னாடி நின்னவங்களுக்கு வெட்டிக் குடுக்குது. ஆட்டோ நிக்கல. நாய் மட்டும் குரைக்குது. அந்த டாபிக்குக் கீழ ‘பூட்டியவர்: ஏலிஸ்’னு உங்க பேரு இருந்துச்சு. பூட்டுனவங்க கண்ணுக்காவது தெரிவேனோன்னு வந்தேன்.”

மனிதருக்குப் புத்தி பிசகியிருக்கிறது என்று ஏலிஸ் முடிவு கட்டினாள். அவரைச் சமாதானப்படுத்தவே கம்ப்யூட்டரைத் திறந்தாள். அன்றைக்குத்தான் அந்த இழையை முதன்முதலாக வாசித்தாள்.

இரண்டு இழைகளை ஒன்றாக்கினால் எழுதிய நேரப்படி எல்லாம் கலந்து வரிசையாகிவிடும். ‘உயிர்ச்சான்றில் யார் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும்?’ என்று இவர் கேட்டிருந்தார். அதன் கீழே, ‘அன்னாரின் ஆன்மா இளைப்பாறட்டும்’ என்றிருந்தது. ‘யாராவது பதில் சொல்லுங்களேன்’ என்று மறுபடி கேட்டிருந்தார். அதன் கீழே, ‘இனிக் கேள்விகளே இல்லாத இடத்துக்கு அவர் போய்விட்டார்’ என்று யாரோ எழுதியிருந்தார்கள். ‘நான் நேரில் போய் நின்றால் போதுமா?’ என்றதற்கு, ‘இனி எங்கே பார்ப்போம் அந்த முகத்தை’ என்று பதில். செத்துப்போனவர் பிரான்ஸில் துலோன் நகரத்தில் வாழ்ந்த வேறொரு அல்பேர் அருளானந்தம். அவர் போய் வருஷங்கள் ஆகியிருந்தன; இவர் சந்தேகம் கேட்டதும் அதே சமயத்தில்தான்.

ஏலிஸ் பக்கத்தை மூடினாள். “வாங்க அண்ணே, உங்க வூட்டுக்குப் போவோம். நானே உங்க வீட்டம்மாகிட்ட சொல்றேன்” என்று எழுந்தாள்.

ஸ்கூட்டரின் பின்னால் அவர் ஏறிக்கொண்டார். ஏறியபோது வண்டி அமுங்கவில்லை. ராஜீவ் காந்தி சிலைத் திருப்பத்தில் வேகத்தடை வந்தது; தனியாகப் போகும்போது தூக்கிப்போடுகிற மாதிரியே தூக்கிப்போட்டது. கண்ணாடியில் பார்த்தாள். வெள்ளைச் சட்டை இருந்தது. அதற்குப் பிறகு அவள் கண்ணாடியைப் பார்க்கவே இல்லை.

முத்தியால்பேட்டையில் குறுகலான தெரு ஒன்றில் மாடி வீடு. கதவைத் திறந்தவள் அவர் மனைவி தனக்கொடி. பாகூர்ப் பக்கத்துக் குடும்பத்திலிருந்து வாக்கப்பட்டு வந்தவள். நெற்றியில் பொட்டில்லை. கூடத்துச் சுவரில் அல்பேரின் படம், புது மாலை, கீழே அகல்விளக்கு. அல்பேர் ஏலிஸுக்கு முன்னால் நடந்துபோய், ஜன்னலோர நாற்காலியில் வழக்கம்போல உட்கார்ந்தார்.

“உக்காருங்கம்மா. கேள்விப்பட்டு வந்தீங்களா?” என்றாள் தனக்கொடி.

“அம்மா, அது என் தப்பு. ரெண்டு பேரு பேரும் ஒண்ணாயிருந்துச்சு. உங்க வீட்டுக்காரருக்கு ஒண்ணும் இல்ல. தோ, இங்கதான உக்காந்திருக்காரு?”

தனக்கொடி ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்த்தாள். நிதானமாகப் பார்த்தாள். பிறகு ஏலிஸின் கையைப் பிடித்துக்கொண்டாள். “எனக்கும் அப்படித்தாம்மா இருக்கு. அந்த நாக்காலியப் பாத்தா இருக்கிறாப்புலயே இருக்கு. என்னா செய்றது, போயிட்டாரு. துலோன்ல. ஜன்னலுக்கு வெளிய பனி கொட்டிக்கிட்டிருந்துச்சு. நர்ஸு வந்து திரைய இழுத்து மூடுனா.”

“நீங்க துலோனுக்குப் போயிருக்கீங்களா?”

“நானா? நான் மெட்ராஸத் தாண்டுனதில்லியே” என்றாள் தனக்கொடி. சொன்ன பிறகு அவள் முகத்தில் ஒரு குழப்பம் வந்தது, அப்படியே வடிந்தது. உள்ளே போய்க் காபி கொண்டுவந்தாள். ஒரே டம்ளர். அதை ஏலிஸின் கையில் கொடுத்தாள். நாற்காலியில் இருந்த அல்பேர் அந்த டம்ளரையே பார்த்தார். “இப்ப நம்புறீங்களா மதாம்?” என்றார். தனக்கொடி முந்தானையால் படத்துக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவள் காதில் ஏதும் விழவில்லை.

ஏலிஸ் காபியைக் குடிக்காமல் எழுந்துவிட்டாள். அன்பழகனின் கடை இரண்டு தெரு தள்ளித்தான். அல்பேர் கூடவே வந்தார்.

“நல்ல நேரத்துக்கு வந்தீங்கக்கா” என்றான் அன்பழகன். “இன்னிக்கி சாயங்காலத்தோட பழைய ஆர்க்கைவ சீல் பண்றேன். அதுக்கப்புறம் நானே நெனச்சாலும் ஒரு புள்ளிய நகர்த்த முடியாது.”

“ஒரே ஒரு டாபிக்கத் தெறந்து விடு. பிரிக்கணும்.”

“ஒண்ணாக்குனதப் பிரிக்கிறது பேஜாரு. ஒவ்வொரு பதிவா டிக் பண்ணி எடுக்கணும். செத்தவரு டாபிக்குதான, இருந்துட்டுப் போவட்டுமே.”

“தெறடா!” என்று ஏலிஸ் கத்திவிட்டாள். அவளிடம் அப்படியொரு குரலை அவன் கேட்டதில்லை. எழுந்து இடம் கொடுத்தான்.

அவள் ஒவ்வொன்றாகப் படித்துப் பிரித்தாள். இது உயிரோடு இருப்பவருடையது, இது போனவருடையது. அனுதாபங்கள் ஒரு பக்கம், சந்தேகங்கள் ஒரு பக்கம். அவள் தோளுக்குப் பின்னால் நின்று அல்பேரும் படித்தார். பெரும்பாலும் தடுமாற்றமில்லை. ஒரே ஒரு பதிவு மட்டும் எந்தப் பக்கமும் சேராமல் நின்றது. எழுதியவர் கணக்கை மூடிவிட்டுப் போயிருந்தார், பெயர்கூட இல்லை. ‘அல்பேர், நேத்து உன்னை நெனச்சேன். நீ சத்தமா சிரிக்கிறது இன்னும் காதுலயே இருக்கு.’ அவ்வளவுதான்.

“இது யாருதுண்ணே?”

“யார்கிட்டக்கா பேசுறீங்க?” என்றான் அன்பழகன்.

அல்பேர் அந்த வரியை மெதுவாகப் படித்தார். “நான் சத்தமா சிரிக்கிற ஆளு இல்ல மதாம்” என்றார். பிறகு கூச்சத்தோடு சொன்னார்: “இருந்தாலும் எம் பக்கமே வெச்சிடுங்க. ஒரு வாரமா ஒருத்தரும் என்னைத் திரும்பிப் பாக்கல. யாரோ ஒருத்தரு நெனச்சதா இருந்துட்டுப் போவட்டுமே.”

அந்தக் குரலைக் கேட்டபின் மறுக்க மனம் வரவில்லை. ஏலிஸ் அந்தப் பதிவை அவர் பக்கம் வைத்துப் பொத்தானை அழுத்தினாள்.

அன்பழகன் தலையைத் தூக்கினான். “ஐயா, நீங்க எப்ப வந்தீங்க? நிக்கிறீங்களே, உக்காருங்க” என்று ஸ்டூலை நகர்த்திப் போட்டான்.

அவர்கள் வீட்டுக்குப் போனபோது தனக்கொடி வாசலிலேயே நின்றிருந்தாள். “சோறு ஆறி அவுலாப் போச்சு, எங்க சுத்திட்டு வர்றீங்க?” என்று அதட்டினாள். கூடத்தில் மாலையையும் விளக்கையும் பார்த்துத் திடுக்கிட்டாள். “இந்த எழவ எவ பண்ணிவெச்சா? நல்லாயிருக்கிற மனுசன் படத்துக்கு!” என்று பறித்துத் தெருவில் எறிந்தாள். அல்பேர் தட்டின் முன் உட்கார்ந்து, ஆறின சோற்றை அள்ளி அள்ளித் தின்றார்.

இதோடு தீர்ந்தது என்று ஏலிஸ் நினைத்தாள். சர்வர் மாறியது, பழைய காப்பகம் சீலானது. டியூஷனும் அவளுமாகக் கொஞ்ச நாள் போயிற்று.

பிறகு துலோனிலிருந்து அவளுக்கு ஒரு தனிச்செய்தி வந்தது. எழுதியவள் பெயர் அஞ்செல், செத்துப்போன அல்பேரின் மனைவி.

‘உங்களை எனக்குத் தெரியாது, என்னைப் பைத்தியம் என்று நினைக்காதீர்கள். என் வீட்டுக்காரர் இறந்தபின் தனியாகத்தான் இருக்கிறேன். போன மாதம் ஒரு வாரம் அவர் வீட்டில் இருந்தார். கண்ணால் பார்க்கவில்லை. ஆனால் குளியலறைத் தரை ஈரமாக இருந்தது. படுக்கையில் அவர் பக்கம் சூடாக இருந்தது. நான் பயப்படவில்லை, சந்தோஷமாக இருந்தேன். ஒரு நாள் சட்டென்று போய்விட்டார். போகும்போது அவருடைய சிரிப்பையும் கொண்டுபோய்விட்டார். இப்போது நினைத்தால் முகம் வருகிறது, வாய் திறக்கிறது, சத்தம் வரவில்லை. மன்றத்தில் அவர் இழையில் ஏதோ குறைகிறது. எதை எடுத்தீர்கள்?’

படித்ததும் ஏலிஸுக்கு அந்தப் பெயரில்லாத பதிவு நினைவுக்கு வந்தது. அன்பழகனைக் கூப்பிட்டு, அதைத் திருப்பி நகர்த்த முடியுமா என்று கேட்டாள். “அன்னிக்கே சொன்னேனேக்கா. கல்லுல வெட்டுன மாதிரி. நகர்த்த முடியாது” என்றான்.

அவள் முத்தியால்பேட்டைக்குப் போனாள். தெருமுனையிலேயே ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. வெடிச்சிரிப்பு, ஆளையே குலுக்குகிற சிரிப்பு. அது அல்பேர் வீட்டுக்குள்ளிருந்து வந்தது.

தனக்கொடி சமையல்கட்டு வாசலில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள். “கேட்டீங்களாம்மா? இத்தினி வருஷத்துல அந்த மனுசன் பல்லு தெரியச் சிரிச்சதில்ல. இது எங்க வூட்டுச் சிரிப்பு இல்ல” என்று கிசுகிசுத்தாள்.

அல்பேர் வாயைத் துடைத்துக்கொண்டு வந்தார். முகம் வெளிறியிருந்தது. “நான் சிரிக்கல மதாம், அதுவா வருது. கூடவே என்னென்னமோ வருது. பால்கனியில தொட்டியில ஒரு எலுமிச்சைச் செடி. ஒரு பொண்ணு தமிழ் பேசத் தெரியாம ‘பூனை’ய ‘பானை’ங்குது, நான் சிரிக்கிறேன். எனக்கு ஏது பொண்ணு? நான் துலோன் பக்கமே போனதில்ல.”

ஏலிஸ் அஞ்செலின் செய்தியைப் படித்துக் காட்டினாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

“அன்னிக்கி ஆசப்பட்டு எம் பக்கம் வெக்கச் சொன்னேன். என்னுது இல்லன்னு தெரிஞ்சேதான் சொன்னேன்” என்றார். “அந்தம்மாவுக்குப் போன் போடுங்க. எழுத்த நகர்த்த முடியாதுன்னா வாயால சொல்லிடறேன்.”

பிற்பகல் நேரம், அங்கே காலை. போனை மேசைமேல் வைத்து, மூன்று பேருமாகச் சுற்றி உட்கார்ந்தார்கள். எடுத்தவளின் குரல் மெலிந்திருந்தது. அல்பேர் தயங்கித் தயங்கி ஆரம்பித்தார். எலுமிச்சைச் செடியைச் சொன்னார். பூனையும் பானையும் சொன்னார். மீன் குழம்பில் இரண்டு தரம் உப்புப் போட்டுவிட்டு அவள் அழுததையும், அதை அப்படியே தின்றுவிட்டு அவள் கணவர் சிரித்த சிரிப்பையும் சொன்னார். ஒவ்வொன்றுக்கும் அந்தப் பக்கம் “ஆமாங்க, ஆமாங்க” என்று விம்மல் கேட்டது. ஒன்றைச் சொல்லி முடித்ததும் அது அவரை விட்டுப் போய்விட்டது. “இப்ப என்னா சொன்னேன்?” என்று தனக்கொடியிடம் கேட்டார்.

அன்று முடியவில்லை. தொடர்ந்து பல நாள் பிற்பகலில் பேசினார்கள். நாளுக்கு நாள் அல்பேரின் சிரிப்பு தேய்ந்தது. கடைசியில் சொல்ல ஏதும் மிச்சமில்லை என்றார். அப்போது அஞ்செல் கேட்டாள்:

“ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க அண்ணே. அவரு இப்ப எங்க இருக்காரு?”

ஏலிஸ் வேண்டாம் என்று கையால் சைகை செய்தாள். அல்பேர் பார்க்கவில்லை. ஜன்னல் வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார்:

“இது அவரு சொல்றது இல்லம்மா, நானே ஒரு வாரம் அப்படி இருந்துட்டு வந்ததுல தெரிஞ்சது. எங்கயும் போவல. வூட்டுக்குள்ளதான் இருப்பாரு. நீங்க பேசுறது அத்தனையும் கேக்கும். அவரு பேசுறதுதான் உங்களுக்குக் கேக்காது. அது ஒண்ணுதான் அங்க கஷ்டம். அதனால நீங்க பேசுங்க. பேசாம மட்டும் இருக்காதீங்க.”

போனில் சத்தமே இல்லை. தொடர்பு அறுந்துவிட்டதோ என்று ஏலிஸ் குனிந்தாள். அறுபடவில்லை. அஞ்செல் தள்ளிப் போய் யாரிடமோ பேசுவது போலக் கேட்டது. “கேட்டீங்களா? எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுதான் இருந்தீங்களா?” என்றாள்.

அப்போது அந்தச் சிரிப்பு வந்தது. அதே வெடிச்சிரிப்பு, மேசைமேல் இருந்த போனை அதிரவைத்தது. ஏலிஸ் அல்பேரைத்தான் பார்த்தாள். அவர் வாய் இறுக மூடியிருந்தது. தனக்கொடி அவர் கையைப் பற்றியிருந்தாள், நகம் பதியும்படி. போனுக்குள் அந்தச் சிரிப்போடு சேர்ந்து ஒரு பெண்ணும் சிரித்தாள். பிறகு அஞ்செல் போனை வைத்துவிட்டாள்.

அதன்பின் அவள் எழுதவில்லை, எடுக்கவும் இல்லை. துலோனில் இருந்த மன்ற உறுப்பினர் ஒருவரை ஏலிஸ் விசாரிக்கச் சொன்னாள். ஆள் நன்றாக இருக்கிறாள், முன்னைவிடத் தெளிவாக இருக்கிறாள், ஆனால் யாரையும் வீட்டுக்குள் கூப்பிடுவதில்லை என்று பதில் வந்தது.

அல்பேர் பழையபடி பேச்சுக் குறைந்த மனிதராகிவிட்டார். உயிர்ச்சான்றுக்குத் தனக்கொடியையும் கூட அழைத்துப் போய்க் கையெழுத்து வாங்கி அனுப்பினார். தனக்கொடி மட்டும் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டாள். அவர் வெளியே போயிருக்கும்போதும் ஜன்னலோர நாற்காலியைப் பார்த்து, இன்றைக்கு என்ன குழம்பு என்று சொல்லிவிட்டுத்தான் அடுப்பைப் பற்றவைப்பாள். கேட்டால், “யாராவது இருந்தா?” என்பாள்.

ஏலிஸ் மன்றத்தை விட்டு விலகவில்லை. ஆனால் எந்த இழையையும் முழுக்கப் படிக்காமல் பூட்டுவதில்லை. அதனால் வேலை தேங்கிக் கிடக்கிறது, அன்பழகன் சத்தம் போடுகிறான். சில காலைகளில், அவள் வாய்விட்டுப் படித்துக்கொண்டிருக்கும்போது, டியூஷனுக்குச் சீக்கிரம் வந்துவிடும் பிள்ளைகள் வாசலிலேயே தயங்கி நிற்கின்றன. உள்ளே நிறையப் பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் மதாம், அவர்கள் போனதும் வருகிறோம் என்கின்றன.